மரத்திலேயே பழுக்கட்டும்

எனக்குக் கோபம் வரும். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தகவலாகச் சொல்கிறேன். சிலருக்கு சைனஸ், சிலருக்கு முட்டிவலி, எனக்கு இது. ஒருமுறை பிரஷர் பார்த்த டாக்டர், எல்லாம் நார்மலாக இருக்கிறது, கவலையே வேண்டாம் என்றார். இதைச் சொல்வதற்கா என்னை ஒன்றரை மணி நேரம் வெளியே உட்காரவைத்தீர்கள் என்று அவரிடமும் சண்டை போட்டேன். (மறுபடி பார்த்தார். அப்போது நார்மலாக இல்லை.)

கோபத்தில் செய்த காரியங்கள் பலவற்றுக்கு நான் இன்றுவரை வருத்தப்பட்டதில்லை. எங்கள் கேட்டை மறித்து நிறுத்தப்பட்டிருந்த கார்மேல் தோசைமாவை ஊற்றியது அதில் ஒன்று. (புளித்த மாவுதான். நல்ல மாவை வீணாக்குகிற ஆள் இல்லை நான்.) ஆனால் ஒரே ஒரு சம்பவம் இருக்கிறது. ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது, இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அன்றைய வசந்தியை, அதாவது என்னை, யாராவது எதிரில் கொண்டுவந்து நிறுத்தினால் நானே ரெண்டு அறை விடுவேன்.

எங்கள் வீடு ஹைதராபாத்தில், ஏ.எஸ்.ராவ் நகரில் இருக்கிறது. என் மாமனார் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து, மெட்டுகுடா குவார்ட்டர்ஸில் குடும்பம் நடத்தி, ரெண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்து இங்கே ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார். பாதியில் நாங்கள் வீடு கட்டிக்கொண்டோம். மீதிப் பாதி வெறும் மண்ணாகக் கிடந்தது. பத்திரம் அண்ணன் தம்பி இருவர் பேரிலும் இருந்தது. என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன், அப்பா வேலை பார்த்த அதே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ரிட்டையராகி, மெட்டுகுடாவிலேயே ஒரு வீடு வாங்கிக்கொண்டு இருப்பவர். அந்த வெறும் பாதியைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குக் கை அரிக்கும். பில்டரிடம் கொடுத்தால் நாலு மாடி எழும்பும், ஆளுக்கு ரெண்டு ஃபிளாட் வரும் என்பார்.

அவர் வாயை அடைப்பதற்காகவே நான் அந்த மண்ணில் மரம் வைக்க ஆரம்பித்தேன். கொய்யா, சப்போட்டா, எலுமிச்சை, நெல்லி. மரங்களின் மேல் பிரியம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். பிரியமெல்லாம் பிறகு வந்தது. முதலில் வந்தது கோபம்தான். ஒரு இடத்தை நாலு வருஷம் சும்மா விட்டால் அது மேல் நோக்கி வளர்ந்தாக வேண்டும் என்று யார் சொன்னது? இந்த ஊரில் எல்லோருக்கும் அந்த வியாதி. ஒரு தெருவுக்குள் வெயில் விழ வேண்டுமானால் இப்போது அது நாலு பில்டரிடம் அனுமதி கேட்க வேண்டியிருக்கிறது.

பக்கத்து வீட்டில் சுனிதா இருந்தாள். என் வயதுதான். ஹிமாச்சலில் ஆப்பிள் விளைகிற மலைப்பக்கத்துப் பெண். அவள் கணவரும் என் கணவரும் ஒரே தொழிற்சாலையில் எஞ்சினியர்கள். எனக்கு ஹிந்தி அரைகுறை, அவளுக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது, இருந்தாலும் நாங்கள் இருவரும் பேசாத நாள் கிடையாது. பெரும்பாலும் நான் யாரையாவது திட்டுவேன், அவள் ரோட்டி தேய்த்துக்கொண்டே கேட்பாள்.

ஒரு ஜனவரியில் ஊருக்குப் போயிருந்தவள், ரெண்டு ஒட்டுக்கன்றுகளை ஈரப் பாசியில் சுற்றி, மேலே சாக்கு கட்டி, ரயிலில் ரெண்டு நாள் மடியில் வைத்துக்கொண்டே வந்து சேர்ந்தாள். நாஷ்பாத்தி. நாம் பேரிக்காய் என்போமே, அந்த ஜாதி. ஆனால் இது கடையில் கிடைக்கிற மொறுமொறு காய் இல்லை. அவர்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இருக்கிற பழைய ரகம், பேர்கூட யாருக்கும் தெரியாது, குளிர்காலத்து நாஷ்பாத்தி என்றுதான் சொல்வார்களாம். ஒன்றை எனக்குக் கொடுத்தாள். வேறு ரகமான இன்னொன்றை அவள் வீட்டில் சுவரை ஒட்டி வைத்துக்கொண்டாள். ரெண்டு ரகம் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் காய் பிடிக்குமாம்.

இந்தப் பழத்தைக் கல் மாதிரி இருக்கும்போதே பறித்து, மாடி அறையில் வைக்கோலில் பரப்பிவைத்து, வாசலில் பனி ஏறி நிற்கும்போது எடுத்துச் சாப்பிடுவோம் என்று அவள் அன்றைக்கே சொன்னாள். நான் அதைக் கதையாகக் கேட்டேனே தவிரச் செய்முறையாகக் கேட்கவில்லை.

கன்று வளர்ந்தது. பிரச்சினை என்னவென்றால் இந்த மரத்துக்கு ஒரு தூக்கம் வேண்டும். நல்ல குளிரில் இலையெல்லாம் கொட்டிவிட்டுத் தூங்கி எழுந்தால்தான் பூக்கும். ஹைதராபாத்தில் குளிர் என்பது பத்து நாள் ஆட்டோக்காரர்கள் மப்ளர் கட்டிக்கொள்வதுதான். மூன்று வருஷம் மரம் தூங்காமலேயே பச்சைப்பசேல் என்று நின்றது. பிறகு சுனிதாவின் தம்பி ஊரில் யாரையோ விசாரித்து ஒரு வழி சொன்னான். டிசம்பரில் தண்ணீரை நிறுத்த வேண்டும். பிறகு மரத்தில் இருக்கிற அத்தனை இலையையும் கையாலேயே உருவிவிட வேண்டும். பனி வந்துவிட்டது என்று மரம் ஏமாந்துபோகும். இதை நம்பி ரெண்டு பொம்பளைகள் ஸ்டூல் போட்டு நின்று ரெண்டு வீட்டு மரத்துக்கும் மொட்டை அடித்தோம். தெருவோடு போன ஒரு அம்மாள் நின்று பார்த்து, இந்த இலை சர்க்கரை வியாதிக்கு நல்லதா என்று கேட்டாள். இல்லை என்றேன். நம்பாமல் ஒரு கை அள்ளிக்கொண்டு போனாள்.

முதல் தடவை மொட்டையடித்ததில் நாலு பூ வந்து உதிர்ந்தது. அடுத்த வருஷம் மறுபடி உருவினோம். அந்தப் பொங்கலுக்குத்தான் மூத்தாரும் ஓரகத்தியும் (மூத்தாரின் மனைவி, அவரை மாமா என்றும் இவளை அக்கா என்றும் கூப்பிடுவேன்) வந்திருந்தார்கள். மூத்தார் தோட்டத்துக்குள் போய், இலையில்லாத மரத்தை ரெண்டு விரலால் தட்டிப் பார்த்தார்.

"வசந்தி, இது செத்துப்போச்சும்மா," என்றார்.

தூங்குகிறது என்றேன். அவர் சிரித்தார். மூத்தாரின் சிரிப்பு ஒரு தனி ரகம், சத்தமே வராது, தோள் மட்டும் குலுங்கும். அன்றைக்கு என் கணவர் இன்னும் மூன்று வருஷம் பார்ப்போம் அண்ணா, அப்புறம் பில்டரைப் பற்றிப் பேசலாம் என்று தயவாகச் சொல்லி, அவரையும் பாதி சம்மதிக்கவைத்துவிட்டிருந்தார். விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். அந்தத் தோள் மட்டும் குலுங்காமல் இருந்திருந்தால்.

"மூணு வருஷமெல்லாம் வேண்டாம் மாமா," என்றேன். "இந்த தசராக்குள்ள இந்த மரத்துப் பழத்த உங்க வாயில வைக்கிறேன். நீங்களே நல்லா இருக்குன்னு சொல்லணும். அப்புறம் இந்த நிலத்தப் பத்திப் பேசவே கூடாது. வைக்க முடியலேன்னா நீங்க நீட்டுற பேப்பர்ல இவரைக் கையெழுத்துப் போட வைக்கிறது என் பொறுப்பு."

என் கணவர் கண்ணை மூடிக்கொண்டார். அவர் கோபமே படமாட்டார். (அதுவும் எனக்குக் கோபம்.) மூத்தார், "ஹவ், பக்கா?" என்று கேட்டார். (ஹவ் என்றால் ஹைதராபாத் ஹிந்தியில் ஆமாம்.) பக்கா என்றேன். அங்கேயே ஓரகத்தியைச் சாட்சி வைத்துவிட்டுப் பொங்கல் சாப்பிடப் போனோம்.

ஆக, ஐந்து மரம் நிற்கிற நூற்றைம்பது கஜத்தை ஒரு சிரிப்புக்காகப் பந்தயத்தில் வைத்துவிட்டேன். இதைச் சொன்னபோது ரோட்டி தேய்த்துக்கொண்டிருந்த சுனிதாவின் கை முதல் தடவையாக நின்றது.

பிப்ரவரியில் மரம் பூத்தது. இந்த முறை கொத்துக் கொத்தாக. தேனீயை நம்பி உட்கார எனக்குப் பொறுமை இல்லை. என் பெண் நித்யாவின் பெயின்ட் பிரஷ்ஷை எடுத்துப்போய், சுனிதா வீட்டு மரத்துப் பூவில் தடவித் தடவி எங்கள் மரத்துப் பூவில் ஒற்றினேன். (நித்யாவிடம் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் வரும். பிரஷ் எங்கே என்று அவள் தெலுங்கில் அழுததற்கு நான் தமிழில் சமாதானம் சொன்னேன்.) ஒன்பது பிஞ்சு நின்றது. கிளிக்குப் பயந்து, பழைய கொசுவலையைக் கிழித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு பை தைத்துக் கட்டினேன். தினமும் காலையில் காபிக்கு முன்னால் எண்ணுவேன். ஒன்பது. அதற்குப் பிறகுதான் எனக்குப் பொழுது விடியும்.

ஆகஸ்டில் வரலட்சுமி நோன்பு வந்தது. தாம்பூலத்துக்கு வந்தவர்கள், சாப்பிட வந்த வீட்டு மனிதர்கள் என்று இருபது பேருக்கு மேல். எல்லோரும் தோட்டத்துக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். சுனிதாவும் வந்தாள். வலைப்பையோடு ஒரு காயைக் கையில் ஏந்தி, லேசாகப் படுக்கவைத்துத் தூக்கிப் பார்த்தாள். காம்பு விட்டுவரத் தயாராகிவிட்டது, இதுதான் நாள், எல்லாவற்றையும் இந்த வாரமே பறித்துவிடு என்றாள். பறித்து ஃபிரிட்ஜில் ஒரு மாசம் வைத்துவிட்டு அப்புறம் வெளியே எடுத்துப் பழுக்கவைக்க வேண்டுமாம்.

காயோ பச்சையாக, சுவரில் அடித்தால் சுவர் உடைகிற கெட்டியில் இருந்தது. எனக்கும் மாம்பழக் கடைக்காரர்களுக்கும் நெடுநாள் பகை என்பதை இங்கே சொல்லவேண்டும். கல் வைத்துப் பழுக்கவைத்தாயா என்று கேட்டு நான் சண்டை போடாத தள்ளுவண்டி எங்கள் பேட்டையில் கிடையாது. காயைப் பறித்துப் பழுக்கவைப்பது ஏமாற்றுவேலை, மரத்தில் பழுத்ததுதான் பழம் என்பது என் கொள்கை. கொள்கை உள்ளவர்களிடம் யாரும் செய்முறை சொல்லிப் பிரயோஜனம் இல்லை. பார்க்கலாம் என்றேன்.

மறுநாள் காலை எண்ணினேன். எட்டு.

மறுபடி எண்ணினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு எண்ணினேன். என் கணவரை எழுப்பி எண்ணச் சொன்னேன். எட்டுதான். கிளி இல்லை, குரங்கும் இல்லை. ஏனென்றால் காலியான வலைப்பை கிளையிலேயே தொங்கியது, வாயில் சுருக்கு அழகாகத் திரும்பக் கட்டப்பட்டிருந்தது. குரங்குக்கு அவ்வளவு மரியாதை தெரியாது. மனிதர் வேலை. அதுவும் காம்பு பிசிறில்லாமல் விட்டிருந்தது. அந்த வித்தை தெரிந்தவள் தெருவில் ஒருத்திதான் என்று என் மூளை சொன்னது. (கோபத்தின்போது எனக்கு மூளை மிக வேகமாக வேலை செய்யும். தப்பாகச் செய்யும், ஆனால் வேகமாகச் செய்யும்.)

சுனிதா துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு கேட்டேன். கேட்டேன் என்று சொல்வது என் பக்கத்து மரியாதைக்காக. தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினேன். படித்த பெண் செய்கிற வேலையா, ஒன்று வேண்டுமென்றால் வாய்விட்டுக் கேட்டால் என்ன, உன் மரத்துப் பூந்தூள் என்பதற்காகப் பங்கு எடுத்துக்கொண்டாயா, அதனால்தான் சீக்கிரம் பறி சீக்கிரம் பறி என்று அரித்தாயா. ஹிந்தி தீர்ந்துபோன இடத்தில் தமிழைப் போட்டேன். தமிழ் தெரியாதவளுக்கும் அது புரிந்தது.

அவள் பதிலுக்குக் கத்தவில்லை. கையில் இருந்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"சுரானா ஹோத்தா, தோ தேத்தி க்யூன்?" என்றாள். திருடுகிறவளாக இருந்தால் உனக்குக் கொடுத்திருப்பேனா என்று அர்த்தம்.

எவ்வளவு சாதாரணமான கேள்வி. ஒரு நிமிஷம் யோசித்திருந்தாலும் நான் அங்கேயே அடங்கியிருப்பேன். யோசிக்கவில்லை. குற்றம் செய்தவர்கள்தான் இப்படி அமைதியாகப் பேசுவார்கள் என்று என் கணவரிடம் வந்து சொன்னேன். அவர் சுனிதாவா, சேச்சே என்றார். அவரோடும் ரெண்டு நாள் பேசவில்லை.

அதற்குப் பிறகும் ஒரு தடவை, பத்து நாள் கழித்து, சுனிதா சுவரோரம் வந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் மரத்தைப் பார்த்துக்கொண்டு, பறித்துவிடு வசந்தி, இன்னும் விட்டால் கெட்டுவிடும் என்றாள். அத்தனை பேச்சு வாங்கியவள் ஏன் அதைச் சொல்ல மறுபடி வந்தாள் என்று எனக்கு ஒரு கேள்விகூட எழவில்லை. "மரத்துலயே பழுக்கட்டும்," என்று தமிழிலேயே சொல்லிவிட்டு உள்ளே போனேன். அன்றோடு அது வீம்பாகிவிட்டது. அவள் பறி என்று சொன்ன ஒரே காரணத்துக்காக அந்த எட்டும் கிளையிலேயே இருந்தாக வேண்டும்.

அவை இருந்தன. அதுவும் எப்படி. செப்டம்பரில் பச்சை மாறி மஞ்சள் ஏறியது. கன்னத்தில் லேசான சிவப்பு. கிட்டே போனால் வாசனை. விரலால் அழுத்தினால் மெத்தென்று அமுங்கியது. நான் ஜெயித்துவிட்டேன் என்று தெரிந்துபோனது. தசராவுக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிக்கு மூத்தாரையும் ஓரகத்தியையும் வரச் சொன்னேன். அவர்களோடு நிறுத்தியிருக்கலாம். தெருவில் நாலு வீட்டையும் கூப்பிட்டேன், சுனிதா வீட்டைத் தவிர. நாற்காலிகளைச் சுனிதாவின் சுவரை ஒட்டிப் போட்டேன். எல்லோரும் நல்லா இருக்கு நல்லா இருக்கு என்று சொல்வது அவள் காதில் விழவேண்டும். அதற்காகப் பட்டுப்புடவைகூட உடுத்தியிருந்தேன். பழம் வெட்டுவதற்குப் பட்டுப்புடவை உடுத்திய முதல் ஆளாக நான் இருக்கலாம்.

எல்லோர் கண் முன்னாலும் எட்டையும் பறித்துத் தாம்பாளத்தில் அடுக்கினேன். ஒரு சின்னப் பேச்சும் பேசினேன். கல்லும் மருந்தும் வைத்துப் பழுக்கவைக்கிற இந்தக் காலத்தில், மரத்திலேயே பழுத்தது என்று ஆரம்பித்தேன். நித்யா மொபைலில் வீடியோ எடுத்தாள். அந்த வீடியோ இன்றும் இருக்கிறது. அழிக்கச் சொல்லி நான் செய்யாத பிரயத்தனம் இல்லை.

முதல் பழத்தில் கத்தி வைத்தேன். அழுத்தவே தேவையில்லாமல் கத்தி தானாக இறங்கியது. ரெண்டாகப் பிளந்து பார்த்தால், தோலை ஒட்டி ஒரு விரல் கனத்துக்குத்தான் வெள்ளை. உள்ளே முழுக்கப் பழுப்பு. சேறு. கள்ளுக்கடை வாசலில் வருகிற அதே வாசனை.

எந்தக் கூடையிலும் ஒன்று இப்படி இருக்கும் என்றேன். ரெண்டாவதை வெட்டினேன். சேறு. மூன்றாவது. மூன்றுக்கும் சேர்த்து ஒரு காரணம் சொன்னேன், மழை என்று. நாலாவதுக்கு எறும்பு என்றேன். ஐந்தாவதுக்குக் கண்ணேறு என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். எதிர்வீட்டுக்காரருக்குத் திடீரென்று கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று சந்தேகம் வந்து எழுந்து போனார். ஆறாவதை வெட்டும்போது நித்யா பக்கத்தில் வந்து, "அம்மா, இங்க்க சாலு," என்றாள். போதும் என்கிறாள். எனக்கா போதும்? ஏழாவதை வெட்டினேன். எட்டாவதையும் வெட்டினேன். ஒரு ஆள் எட்டு தடவை ஒரே அடியை வாங்குவதற்கு ஒரு தனிப் பிடிவாதம் வேண்டும்.

இதில் விசித்திரம் என்னவென்றால், மூத்தார் சிரிக்கவே இல்லை. தோள் குலுங்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்மேல் பரிதாபப்படுகிறார் என்று நினைத்தேன். அது அந்தச் சிரிப்பைவிட மோசமாக இருந்தது.

"விடு வசந்தி. கைக்கு இவ்ளோ டென்ஷன்? ட்ரை பண்ணே, ஆவல. தசரா முடியட்டும், பேசிக்கலாம்," என்றார். (கைக்கு என்றால் எதற்கு. அதுவும் ஹைதராபாத் ஹிந்திதான்.)

அப்போது ஓரகத்தி தாம்பாளத்தின் பக்கம் குனிந்து பார்த்தாள். சூதுவாது தெரியாத மனுஷி. மனசில் தோன்றுவதற்கும் வாயில் வருவதற்கும் நடுவில் அவளுக்குக் கதவே கிடையாது.

"ஏங்க, நம்ம வீட்ல வெட்னது இப்டி இல்லியே," என்றாள். "அது வெண்ணெ மாதிரி இருந்துச்சே. சாறு முழங்கை வரைக்கும் ஓடுச்சே."

மூத்தார், எது என்று கேட்டார். கேட்கும்போதே அவர் காது சிவந்துவிட்டது.

"அதாங்க, நோன்பு அன்னிக்கு பாக்கெட்ல போட்டு எடுத்தாந்தீங்களே. முக்கால்வாசி நீங்கதானே தின்னீங்க. எனக்கு ஒரு கீத்துதான் குடுத்தீங்க."

முழுக்கதையும் அங்கேயே வெளிவந்தது. நோன்பு அன்றைக்கு மூத்தார் தோட்டத்துக்குள் தனியாகப் போய் ஒரு காயைத் திருகியிருக்கிறார். பழம் என்கிறாள், பாருங்கள் கல்லை, என்று பில்டரிடம் காட்டிச் சிரிப்பதற்காக. காட்டிச் சிரித்தும் விட்டார். பிறகு அதை ஃபிரிட்ஜில் தயிருக்குப் பின்னால் போட்டுவிட்டு மறந்துவிட்டார். ஒரு மாசம் கழித்து ஃபிரிட்ஜைத் துடைத்த ஓரகத்தி அதை எடுத்து டிவி மேல் வைத்தாள். நாலு நாளில் வீடே மணத்ததாம். வெட்டினார்கள். மூத்தார் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டாராம். இது நடந்தது அதற்கு முந்தின வியாழக்கிழமை. அதாவது பந்தயத்தில் தான் தோற்றுவிட்டது அவருக்குத் தெரியும். தெரிந்தேதான், திருடியதை ஒத்துக்கொண்டால்தானே தோற்றதாக ஆகும் என்று வாயை மூடிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுருக்கை அழகாகக் கட்டியது முப்பது வருஷ ஒர்க்‌ஷாப் கை.

என் கையில் எட்டாவது பழத்தின் பாதி இருந்தது. மூத்தார் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். இதற்குமேல் நான் விவரிக்க விரும்பவில்லை. வீடியோவில் இருக்கிறது. என் கணவர் இருமினார். அது இருமல் இல்லை என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

நிலம் என் பக்கம் வந்துவிட்டது. நான் குதித்திருக்க வேண்டும். குதிக்கவில்லை. திருடியவர் இதோ சட்டையைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அப்படியென்றால் அந்த ஒன்றரை மாசம்?

அப்படியே, கையெல்லாம் பிசுபிசுப்போடு, பட்டுப்புடவையோடு சுனிதா வீட்டுக்குப் போனேன். முன்னறையில் உட்கார்ந்து ராஜ்மா பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுவரோரம் நடந்த அத்தனையும் அவள் காதில் விழுந்திருக்கும். அதற்காகத்தானே நாற்காலி போட்டேன். நான் நல்லபடியாகத்தான் ஆரம்பித்தேன். தப்பு என்னுடையது, உன்னை அப்படிப் பேசியிருக்கக் கூடாது என்றேன். அதோடு நிறுத்தியிருந்தால் மனுஷி. ரெண்டாவது வாக்கியம், நீயும் ஏன் பறிக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொல்லியிருக்கலாம் இல்லையா என்று வந்தது. மன்னிப்புக் கேட்கப் போன இடத்தில் அவளிடமே கோபித்துக்கொண்டு நின்றேன். இந்த அழகில் என்னைப் பெற்றிருக்கிறார்கள்.

அவள் எட்டுமா போய்விட்டது என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். எழுந்து என்கூட வந்தாள். தாம்பாளத்தில் கிடந்த ஒரு பாதியை எடுத்து, தோலை ஒட்டி மிச்சமிருந்த அந்த விரல் கனத்து வெள்ளையை நகத்தால் கொஞ்சம் சுரண்டி வாயில் வைத்தாள். ரொம்ப நேரம் மென்றாள். அவ்வளவு மெல்ல அதில் ஒன்றும் இல்லை.

ஊரில் அந்த மரம் இல்லை என்றாள். ரோடு அகலப்படுத்தியபோது போய்விட்டதாம், ரெண்டு வருஷம் முன்னால். அந்த ரகத்தில் மிஞ்சியிருந்தது எங்கள் வீட்டில் நிற்பது ஒன்றுதான். ஒரு பழம் அவளுக்கும் கிடைக்கும் என்று அவளும் தினமும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"இதை நீ சொல்லவே இல்லையே," என்றேன்.

"தூனே பூச்சா கப்?" என்றாள். நீ எப்போது கேட்டாய்?



மூத்தாரைப் பற்றி ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். வாக்குத் தவறவில்லை. நிலத்தைப் பற்றி அதற்குப் பிறகு அவர் வாயைத் திறந்ததே இல்லை. ஆனால் பழத்தைப் பற்றித் திறக்காத நாளில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பந்தியில் என் எதிர் வரிசையில் உட்கார்ந்து, அந்தப் பழம் எப்படி இருந்தது என்று பக்கத்து இலைக்காரருக்குச் சொல்கிறார். வருஷத்துக்கு வருஷம் அது இனித்துக்கொண்டே போகிறது. போன முறை தேன், குங்குமப்பூ வரைக்கும் வந்துவிட்டார். நான் ரசத்தைக் குடித்துவிட்டு எழுந்துவிடுகிறேன்.

வீட்டில் எனக்குக் கோபம் வந்தால் இப்போது யாரும் பயப்படுவதில்லை. "அம்மாவ ஃபிரிட்ஜ்ல வைங்க, தயிருக்குப் பின்னால," என்று நித்யா தன் புருஷனிடம் சொல்கிறாள். (இதை மட்டும் தமிழில் சொல்கிறாள்.) சிரிக்கிறார்கள். அந்த மாப்பிள்ளை வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை, அவருக்கு எவ்வளவு தைரியம் பாருங்கள்.

மரம் இப்போதும் காய்க்கிறது. டிசம்பரில் இலை உருவ சுனிதா வருகிறாள். பறிக்கிற நாளை அவள்தான் சொல்வாள் (மரத்திலேயே விட்டால் இந்த ரகம் உள்ளேயிருந்து அழுகுமாம்), நான் வாயைத் திறப்பதில்லை. முதல் பழம் அவளுக்கு. பேசுகிறோம், சிரிக்கிறோம், நான் திட்டுகிறவர்களையெல்லாம் அவள் பழையபடி கேட்டுக்கொள்கிறாள். மன்னித்துவிட்டாள் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

ஆனால் அதற்கு முன்பெல்லாம் அவள் எங்கள் வீட்டுக்குள் நேராக வந்துவிடுவாள். சமையலறையில் நான் திரும்பிப் பார்த்தால் பக்கத்தில் நிற்பாள். இப்போது வாசலில் நின்று பெல் அடிக்கிறாள். உள்ளேயிருந்து நான் வா என்று கூப்பிட்டாலும், கதவு திறந்தே கிடந்தாலும், பெல் அடித்துவிட்டு அங்கேயே நிற்கிறாள். அந்தச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்கு என் மேல் அப்படி ஒரு கோபம் வருகிறது. அடுப்பை அணைத்துவிட்டு நானே போய் அழைத்துவருகிறேன்.